ஒரு மாடி கீழே போய் நிற்கும் பாட்டு

பாட்டு ஒரு மாடியில் தொடங்குகிறது, அதற்குக் கீழ்மாடியில் போய் முடிகிறது. இடையில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. லிஃப்ட் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட ஜேசுரட்ணத்துக்கு இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். ஜேசுரட்ணத்தையும் சேர்த்து நாலு ஆண்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவனான சஞ்சயன் தன் சின்னக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திச் சுருதி கொடுக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு பாட்டு புறப்படுகிறது. சரணங்கள் எல்லாம் பாடி முடித்த கையோடு அவன் அதே கட்டையை மறுபடி அழுத்துகிறான். கீபோர்ட் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பாட்டோ அரைச் சுருதி கீழே இறங்கி, ஒன்றும் நடவாதது போல நிற்கிறது. சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தொடங்கினாலும் இறங்குகிறது. போடாமல் தொடங்கினாலும் அதே அளவுதான் இறங்குகிறது.

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு கோவிலின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், யாரும் கேளாமல் இறங்கியவரைக்கும் யாருக்கும் நட்டமில்லை. போன ஆவணியில் அது கெவெலாரில் இறங்கியது. கெவெலார் மாதாவிடம் ஜேர்மனியில் உள்ள தமிழர் எல்லாம் பஸ் பிடித்து வந்து கூடும் நாள். கடைசிப் பல்லவிக்குக் கீபோர்ட் இடிமுழக்கம் போல வந்து சேர வேண்டும் என்பது குழுத் தலைவர் றெக்ஸின் ஏற்பாடு. வந்து சேர்ந்தது. நாலு பேர் ஒரு சுருதியில், கீபோர்ட் இன்னொரு சுருதியில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மண்டபத்துக்கும் பெண் வீட்டார் வேறு மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்த கல்யாணம் மாதிரி. யாரோ அதைத் தொலைபேசியில் பிடித்து அனுப்ப, அது பொழுது சாய்வதற்குள் பாரிசையும் லண்டனையும் சுற்றி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நற்செய்திகூட அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை.

குழுவின் பெயரும் அதுதான்: நற்செய்தி நால்வர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நாலு பேர் எழுதியதை நாலு பேர் பாடுவது பொருத்தம் என்று றெக்ஸ் வைத்த பெயர். அந்த நாலு பேருமே தான் ஒருவர்தான் என்று றெக்ஸ் நினைப்பதாக நால்வரில் இன்னொருவரான அம்புறோஸ் சொல்லுவார். றெக்ஸ் இல்லாத இடத்தில்தான் சொல்லுவார்.

றெக்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நகரத்தில் ஃபார்ஷூல நடத்துகிறார். அதாவது கார் ஓட்டப் பழக்கும் பள்ளி. பழக்குகிறவரின் காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் ஓட்டுகிறவர் எங்கே போனாலும் இவர் மிதித்தால் வண்டி நின்றுவிடும். காரை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பிரேக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கும். பங்குச் சபைக் கூட்டத்தில் இருக்கும், செத்தவீட்டில் இருக்கும், பாட்டுப் பழகும் அறையில் நிச்சயமாக இருக்கும்.

இந்த நாலு பேருக்கும் கொஸ்பெல் பாட்டு, அதாவது அமெரிக்கக் கறுப்பினக் கோவில்களின் பக்திப் பாட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஜேர்மன்காரரிடமிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். ஜேர்மன்காரரின் கோவில்களில் இப்போது கொஸ்பெல் குழு இல்லாத கோவில் குறைவு. ஊதா அங்கி போட்ட பெண்மணிகள் வரிசையாக நின்று, கண்ணை மூடி, இடமும் வலமும் ஆடி, கை தட்டுவார்கள். மிகவும் ஒழுங்காகத் தட்டுவார்கள், மிகவும் பிழையான இடத்தில். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். அணிவகுப்பும் பியர் மண்டபமும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோவில்கள் இரண்டிலும் நாலிலும் தட்டின. ஒன்றில் தட்டினால் பாட்டு நிலத்தில் குத்தும். இரண்டில் தட்டினால் நிலத்தை விட்டுக் கிளம்பும். இன்றைக்கு எந்த நாட்டில் எந்தப் பொப் பாட்டைப் போட்டாலும் ட்ரம் ஓங்கி விழுவது பெரும்பாலும் இரண்டிலும் நாலிலும்தான். அந்தத் தட்டு பல வழிகளால் வந்து சேர்ந்தது. கோவில் வழி அதில் பெரிய தெரு.

ஒரு முறை அந்த ஊதா அங்கிக் குழு அமெரிக்காவிலிருந்து நாலு வயதானவர்களை அழைத்திருந்தது. கோட்டும் சூட்டும் போட்ட நால்வர், கூட ஒரு வாத்தியமும் இல்லை. சனம் உட்காரக் கதிரை அடுக்க ஆள் வேண்டும் என்று தமிழர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கதிரை அடுக்குவதென்றால் நம்மவர்களை யாரும் மறப்பதில்லை. அப்படிப் போனவர்கள்தான் றெக்ஸும் ஜேசுரட்ணமும்.

அந்த நாலு பேர் செய்த வேலை இப்படி. முதற்குரல் பாட்டைச் சொல்லும். மேற்குரல் அதற்குக் கூரை போடும். நடுக்குரல் இரண்டுக்கும் இடையில் உள்ள பொந்தை அடைக்கும். இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் காற்று அடிக்கும். அடிக்குரல் தரை. அது சும்மா கிடக்கிற தரையும் இல்லை; ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 'தும் தும் தும்' என்று நடந்துபோய் அடுத்த வரியின் கதவைத் திறந்துவிடுகிற தரை. அந்த மக்களில் பலருக்கு வாத்தியம் வாங்க வசதியில்லை, சில கோவில்களில் வாத்தியத்துக்கு அனுமதியும் இல்லை. ஆகவே ஒருவருடைய தொண்டை வீணையின் தடித்த தந்தியானது, தொடை மத்தளமானது. பிறகு கொஞ்சம் வசதி வந்தது. அந்தக் குழுக்களில் அடிக்குரல்காரன் பார்த்த வேலையைப் பேஸ் கிட்டார் பார்த்தது, தொடையின் வேலையை ட்ரம் பார்த்தது. பிறகு இசைத்தட்டு வியாபாரிகள் வந்தார்கள். ஆண்டவரே என்று இருந்த இடத்தில் அன்பே என்று போட்டார்கள். மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது: முன்னால் ஒருவன் தொண்டை கிழியக் கதறுவது, பின்னால் மூவர் அதே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அவனை மேலே மேலே ஏற்றுவது. மோட்சத்துக்கென்று செய்த ஏணியைச் சாத்தி, ஒருத்தியின் யன்னலை எட்டிப் பார்த்தார்கள். உலகத்தின் பாதிக் காதல் பாட்டு அந்த ஏணியில்தான் நிற்கிறது.

றெக்ஸ் அன்றைக்கு முதற்குரலைக் கண்டார், அதில் தன்னைக் கண்டார். ஜேசுரட்ணம் அடிக்குரலைக் கேட்டார். கையில் இருந்த கதிரையை மடக்க மறந்து நின்றார்.

அதற்குக் காரணம் உண்டு. மன்னாரில் பதினாலு வயதில் அவருடைய குரல் உடைந்து, உடைந்ததோடு நில்லாமல் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. தமிழ்க் கோவிலில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். பெண்கள் மேலே, ஆண்கள் கீழே. அதற்கும் கீழே ஒரு இடம் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் கரையில் வள்ளத்து எஞ்சின் இழுப்பது போல இருக்கிறது என்று பாடகர் குழுவில் சிரித்தார்கள். "தம்பி, நீ வாயை மட்டும் அசை" என்றார் பாட்டு மாஸ்டர். ஜேசுரட்ணம் சொல் கேட்கிற பிள்ளை. மன்னாரில் அசைத்தார், அகதியாக வந்து கெல்சென்கிர்ச்சனில் அசைத்தார், முப்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் சத்தமில்லாமல் ஆண்டவரைத் துதித்தார். அந்த நால்வரைக் கேட்ட நாளில்தான், இப்படியொரு தொண்டைக்கென்றே ஒரு கதிரை போட்ட பாட்டும் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

ஐம்பத்தேழு வயதில் கிடைத்த அந்தக் கதிரைதான் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

சுருதி இறங்குவதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்யும் அம்புறோஸ், நடுக்குரல், குளிரைக் குற்றம் சொன்னார். "எந்தச் சாமானும் குளிருக்குச் சுருங்கும். தொண்டையும் சாமான்தானே?" அதனால் வைகாசி மாதத்தில் நாலு பேரும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பாடினார்கள். வேர்த்து ஒழுகியது. பாட்டு இறங்கியது.

மேற்குரல் சஞ்சயன் கணினிக்காரன், நாற்பது வயது, எந்தத் துன்பத்துக்கும் தொலைபேசியில் ஒரு மருந்து வைத்திருப்பவன். சுருதி காட்டும் முள் ஒன்றைத் திரையில் போட்டு நடுவில் நிறுத்தினான். நாலு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். முள் நடுங்கியது, ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், பாட்டு வழக்கத்தை விட அதிகமாக இறங்கியது.

றெக்ஸ் இஞ்சியும் தேனும் கொண்டுவந்தார். ஒன்பது நாள் நவநாள் சொன்னார். பரலோகத்திலிருந்தும் பதில் வராமல் போகவே, ஒரு சனிக்கிழமை தானே தீர்ப்பைச் சொன்னார்.

"ஜேசு, நான் கோபமாச் சொல்லேல்ல. ஆனா யோசிச்சுப் பாரும். கீழ பாடுறது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"பாட்டு எந்தப் பக்கம் போகுது?"

"கீழ."

"பிறகென்ன?"

வீடு சாய்ந்தால் அத்திவாரத்தைப் பிடித்து உள்ளே போடுகிற பொலிஸ்காரனிடம் என்ன பேச முடியும்?

"அண்ணை, பேஸ் எண்டா கீழதான் பாட வேணும்," என்று அம்புறோஸ் இழுத்தார்.

"அம்புறோஸ், நீர் உம்மட குளிரைப் பாரும்." றெக்ஸ் ஜேசுரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "இந்த முறை கெவெலாரில பேஸைக் கீபோர்டில போடுவம். சஞ்சயன் இடக்கையால அமத்துவான். மிசின் இறங்காது. நீர் மேடைக்குப் பக்கத்தில நிண்டு தண்ணிப் போத்தில் பொறுப்பெடும். அதுவும் ஒரு ஊழியம்தான்."

ஜேசுரட்ணம் வாயை மட்டும் அசைத்தார். பழைய பழக்கம்.

"ஒரு சந்தர்ப்பம் குடுங்கோ அண்ணை," என்றான் சஞ்சயன். அவனுக்கும் இடக்கை அவ்வளவு நம்பிக்கையானது இல்லை.

றெக்ஸ் பெருந்தன்மையோடு யோசித்தார். "சரி. அண்டைக்கு மேடையில ஏற முன்னம் பஸ்ஸடியில ஒருக்காப் பாடிப் பாப்பம். இறங்கினா கீபோர்ட்." சொல்லிவிட்டுத் தம்பி மகளான பெறாமகளின் கல்யாணத்துக்கு லண்டன் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜேசுரட்ணம் ஒரு முதியோர் இல்லத்தில் லிஃப்ட் திருத்தப் போனார். அந்த வேலையில் அவர் கடைப்பிடிக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் மோட்டாரைத் தனியாக ஓட விட்டுப் பார்ப்பது. பிறகு கதவைத் தனியாகத் திறந்து மூடிப் பார்ப்பது. இரண்டும் தனித்தனியே ஒழுங்காக வேலை செய்து, சேர்ந்தால் மட்டும் மக்கர் பண்ணினால், பிழை மோட்டாரிலும் இல்லை, கதவிலும் இல்லை. ஒன்று மற்றதுக்கு 'நான் முடித்துவிட்டேன், நீ தொடங்கு' என்று கைமாற்றுகிற இடத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான லிஃப்டுகளில் இதைக் கண்டவர், தன் சொந்தப் பாட்டுக்கு மட்டும் இஞ்சி தின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முதற்குரல் இல்லாமல் மூவர்தான் பழக வந்தார்கள். ஜேசுரட்ணத்தைக் காரில் கொண்டுவந்து இறக்கிய மகள் நடாலி, போகாமல் கதவடியில் நின்றாள். டோர்ட்மண்டில் மருந்துக்கடையில் வேலை. வார இறுதிகளில் ஒரு பாண்டில் பாடுகிறவள். கல்யாணம், பிறந்தநாள், ஜேர்மன்காரரின் கம்பனி விழா, எது கிடைத்தாலும்.

"பிள்ளை, றெக்ஸ் அண்ணைட பகுதியை ஒருக்காப் பாடிவிடுமன்," என்றார் அம்புறோஸ்.

"நானோ? அவர் அறிஞ்சா எனக்கு லைசென்ஸ் தந்ததையே திருப்பி வாங்கிடுவார்."

"அவர் லண்டனில பலகாரம் தின்னுறார். நீ பாடு."

நடாலி தாளைப் பார்த்தாள். றெக்ஸ் எழுதிய பாட்டு: இருட்டில் ஒரு வள்ளம், எட்டத்தில் கரை வெளிச்சம், ஆண்டவர் துடுப்புப் போடுகிறார். "அங்கிள், இதைத்தானே நாங்களும் பாடுறம். ஆண்டவருக்குப் பதிலா ஒரு பெடியன் துடுப்புப் போடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் மோட்சத்துக்குப் பாடுறியள், நாங்கள் சாப்பாட்டுக்குப் பாடுறம்."

"வாய் காட்டாமல் தொடங்கு," என்றார் ஜேசுரட்ணம்.

சஞ்சயன் கட்டையை அழுத்தினான். தொடங்கினார்கள். வள்ளம் இருட்டில் புறப்பட்டு, அலையில் ஏறி இறங்கி, கரை சேர்ந்தது. சஞ்சயன் மறுபடி கட்டையை அழுத்தினான்.

பாட்டும் கீபோர்டும் ஒரே இடத்தில் நின்றன.

"கீபோர்ட் பழுது," என்றான் சஞ்சயன்.

இன்னொரு முறை பாடினார்கள். அதே இடம். சஞ்சயன் முள்ளை எடுத்து வைத்துப் பார்த்தான். முள்ளுக்கும் ஆட்சேபனை இல்லை.

அம்புறோஸின் முகத்தில் பல வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப இறக்கிறது றெக்ஸ் அண்ணைதான்! நான் நினைச்சனான். ஆண்டவரே, நான் நினைச்சனான்!"

"நில்லுங்கோ," என்றார் ஜேசுரட்ணம். "அவர் தனியப் பாடினதை ஒருக்காக் கேப்பம்."

றெக்ஸ் தனியாகப் பாடிய பதிவு சஞ்சயனிடம் இருந்தது. மற்றவர்கள் கேட்டுத் திருந்தட்டும் என்று றெக்ஸே பதிவு செய்து, வேண்டாம் என்றவர்களுக்கும் அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் றெக்ஸின் குரல் விம்மிச் சரிந்தது. ஆனால் அடுத்த வரியைச் சரியான இடத்தில் எடுத்தார். முடிவில் சுருதி தொடங்கிய இடத்திலேயே நின்றது. அம்புறோஸின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது.

ஜேசுரட்ணம் தன் பகுதியைத் தனியாகப் பாடிக் காட்டினார். அதுவும் இறங்கவில்லை.

மோட்டார் தனியே சரி. கதவு தனியே சரி.

"இன்னொருக்காப் பாடு, பிள்ளை," என்றார். இப்போது அவருடைய குரலில் லிஃப்ட்காரன் வந்திருந்தான்.

"பாடுறன். ஆனா அப்பா, ஒண்டு சொல்லட்டே? நான் ஒரு வரியை நீட்டி முடிக்கப் பாக்கிறன், நான் முடி—"

"முடிக்கிறதுக்கு என்ன, முடி."

"பாத்தீங்களே? இதைத்தான் சொல்லுறன்! நான் முடிக்க முன்னமே நீங்கள் 'தும் தும்' எண்டு உள்ள வந்திடுறியள். சின்னனில இருந்து இதுதான். பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது எண்டு கேப்பியள், நான் வாயைத் திறக்க நீங்களே மிச்சத்தைச் சொல்லிப்போடுவியள். ஒரு நாளாவது என்னைக் கதைச்சு முடிக்க விட்டிருக்கிறியளே?"

அம்புறோஸும் சஞ்சயனும் கீபோர்டை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்ப விஷயம்.

ஜேசுரட்ணம் கதிரையில் உட்கார்ந்தார். "உன்ர பாண்டில பேஸ் கிட்டார் அடிக்கிற பெடியன் என்ன செய்வான்? நீ முடிக்குமட்டும் பாத்துக்கொண்டு நிப்பானோ?"

"நிண்டா அவனுக்கு வேலை போயிடும். நான் ஒரு வரியை எங்க கொண்டுபோய் வளைச்சாலும் அவன் தன்ர பாட்டில கீழ நடந்துகொண்டிருக்க வேணும். அவன் நடந்தால்தான் நான் வளைக்கலாம். இல்லாட்டி எனக்கும் எங்க நிக்கிறன் எண்டு தெரியாது."

"என்னைப் போல."

"ஓம், உங்களைப் போல. ஆனா அவன் அதுக்குச் சம்பளம் வாங்குறான். நீங்கள் வீட்டில சும்மா செய்யிறியள்."

மகள் திட்டி முடிக்கும் வரைக்கும் அவர் அன்றைக்குக் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கேட்டுக்கொண்டே வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

அவர் யோசித்தது இது. றெக்ஸ் ஊரில் இருந்த காலத்திலேயே பசாம் பாடுவதில் பேர் எடுத்தவர். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் புலம்புகிற பாட்டு அது. அதில் ஒரு வரியை நேராக முடித்தால் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள். முடிவில் குரல் தழுதழுத்துக் கீழே விழ வேண்டும். அந்த விழுகையை றெக்ஸ் நாலு பேர் பாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அது பிழையில்லை. அமெரிக்க முதற்குரல்காரர்களும் அழுதார்கள், சரிந்தார்கள், கதறினார்கள். ஆனால் அவர்கள் சரியும்போது தரை ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தது.

ஜேசுரட்ணம் மட்டும் என்ன செய்துவந்தார்? தன்னிலும் மூத்தவர், யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பம், குழுவை உண்டாக்கியவர், றெக்ஸ் அண்ணை. அவர் வாய் மூடும் முன்னால் இவர் வாய் திறப்பதா? அது கோவில் மேடையிலும் மரியாதை இல்லை, சாப்பாட்டு மேசையிலும் மரியாதை இல்லை. ஆகவே றெக்ஸ் விம்மி, சரிந்து, மூச்சு அடங்கி முடிக்கும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகு பவ்வியமாகத் தன் 'தும் தும் தும்'மைத் தொடங்குவார். எந்தச் சுருதியில் தொடங்குவார்? கடைசியாகக் காதில் விழுந்ததில். கடைசியாகக் காதில் விழுந்தது, சரிந்து கிடக்கிற வால். அந்த வாலை அடிக்குரல் தரையாக்கிவிடும். மேற்குரலும் நடுக்குரலும் தரையைப் பார்த்து நிற்கும். றெக்ஸும் அடுத்த வரியை அந்தத் தரையிலிருந்துதான் எடுப்பார். தனியாகப் பாடும்போது நினைவிலிருந்து எடுத்தவருக்கு இப்போது நினைவு தேவையில்லை, தரைதான் இருக்கிறதே. வரிக்கு ஒரு மயிரிழை. பாட்டு முழுக்கச் சேர்த்தால் அரைச் சுருதி.

றெக்ஸின் உருக்கமும் ஜேசுரட்ணத்தின் மரியாதையும் தனித்தனியே நல்ல குணங்கள். இரண்டும் கைமாறுகிற இடத்தில்தான் லிஃப்ட் இறங்கியது. மகளிடம் அவருக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால் சுருதி நின்றது.

அன்றைக்கே லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, நான் காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டன். நீங்கள் ஒரு வரியை முடிக்கேக்க—"

"ஓம் ஓம், உருக்கமாத்தான் முடிக்க வேணும். அதை மாத்த ஏலாது."

"மாத்தத் தேவையில்லை அண்ணை, நான்தான்—"

"நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும். போத்தில் ஒரு பெட்டி காணும்."

"அதில்லை, நீங்கள் முடிக்க—"

"நான் முடிக்கிறன் இப்ப, இங்க மாப்பிள்ளை அழைப்பு வருது." முடித்துவிட்டார்.

மற்றவரைப் பேசி முடிக்க விடாமல் உள்ளே வருவது எப்படி என்று றெக்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கெவெலாரில் யாத்திரை நாளன்று வெயில் எறித்தது. பஸ் தரிப்பிடத்தில் ஜேர்மனியின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பஸ்கள் நின்றன. சனங்கள் வெள்ளித்தாளைப் பிரித்து றோல்ஸ் தின்றுகொண்டே, யார் யாருக்கு உடம்பு போட்டிருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் படம் பிடித்த தொலைபேசியும் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருந்தது. கெல்சென்கிர்ச்சன் பஸ்ஸின் பின்பக்கம், சூட்கேஸ் பெட்டிக்கு மேல் சஞ்சயன் கீபோர்டை வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல், ஜேசுரட்ணத்தின் பேரில்.

"ஒருக்காத்தான்," என்றார் றெக்ஸ். லண்டன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுப் போட்டிருந்தார். "இறங்கினா பேச்சில்லை."

சஞ்சயன் கட்டையை அழுத்தினான். றெக்ஸ் கண்ணை மூடி வள்ளத்தை இருட்டில் இறக்கினார். முதல் வரி நீண்டு, உச்சியில் ஏறி, நின்றது. இனி அது விம்மும், சரியும்.

ஜேசுரட்ணத்துக்குப் பயம் வந்தது. முப்பத்தைந்து வருடம் ஐரோப்பாவில் இருந்தும், அகதிக் கந்தோரில் அதிகாரியிடம் வாதாடியும், நாலாம் மாடியில் கயிறு அறுந்த கூண்டில் தொங்கியும் வராத பயம். மூத்தவர் ஒருவரின் பேச்சுக்குள்ளே போவது. தொடையில் விரலால் தட்டி எண்ணினார். றெக்ஸ் சரியத் தொடங்க ஒரு தட்டு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, தான் ஏதோ மகளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார்.

தும் தும் தும்.

றெக்ஸின் கண் திறந்தது. அவருடைய வலது கால் நிலத்தை ஓங்கி அமத்தியது. அங்கே பிரேக் இல்லை. இருந்தது கெவெலார் நகரத்துத் தார். பாட்டு நிற்கவில்லை, அடுத்த வரியின் கதவு திறந்து கிடந்தது, போகாமல் என்ன செய்வது? போனார். மறுபடி வரி முடிவு, மறுபடி குறுக்கே தும் தும் தும். அம்புறோஸ் சிலுவை அடையாளம் போட்டார். மூன்றாவது வரியில் றெக்ஸுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று: தரை தன் பாட்டில் நடந்துகொண்டிருப்பதால், தான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விம்மலாம். தெரிந்ததும் விம்மினார். பெரிய வெள்ளிக்குக்கூட அப்படி விம்மியதில்லை. இரண்டு பஸ் தள்ளி நின்ற சனம் றோல்ஸும் கையுமாக வந்து கூடியது. யாரோ இரண்டிலும் நாலிலும் கை தட்டினார்கள். நல்லவேளை, ஊதா அங்கிக்காரர் யாரும் இல்லை.

வள்ளம் கரை சேர்ந்தது. சஞ்சயன் கட்டையை அழுத்தினான்.

ஒரே இடம்.

"நான் சொன்னனான்," என்றார் றெக்ஸ், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "லண்டன் தேத்தண்ணி தொண்டைக்கு நல்லம்." பிறகு, சனம் கேளாதபடி கிட்ட வந்து, வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்தும் நின்றார். "ஜேசு, உண்மையாச் சொல்லும். என்ன செய்தனீர்?"

"இவ்வளவு நாளும் நீங்கள் வரியை முடிக்குமட்டும் பொறுத்து நிண்டு, சரிஞ்ச சுருதியில தொடங்கினன் அண்ணை. இப்ப நீங்கள் முடிக்க ஒரு தட்டு முன்னம், சுருதி நேரா நிக்கேக்கயே தொடங்கிறன்."